பாடையில் ஏற்றும் முன்...

உங்கள் லேப்டாப்பின் ஆயுள் எத்தனை வருடம் தெரியுமா?

மூன்று வருடம்.

ஜோசியம் இல்லை, சட்டம். 2013-ம் வருடக் கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையை எடுத்துப் பாருங்கள். கட்டடத்துக்கு இத்தனை, லாரிக்கு இத்தனை, மேஜை நாற்காலிக்கு இத்தனை என்று ஒவ்வொரு சொத்துக்கும் ஆயுள் எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் லேப்டாப்புக்கு மூன்று வருடம். நாலாவது வருடம் அது ஓடினால், கம்பெனிக் கணக்கைப் பொறுத்தவரை போனஸ் ஆயுள்.

ஆனால், பி.காம். படித்தவனிடம் இன்னொரு கணக்கும் இருக்கிறது. வருமான வரிக்காகப் போடும் தேய்மானக் கணக்கு. கம்ப்யூட்டருக்கு வருடத்துக்கு 40 சதவிகிதம் கழிப்பார்கள். கவனியுங்கள், வாங்கிய விலையில் 40 சதவிகிதம் இல்லை. மிச்சமிருக்கும் மதிப்பில் 40 சதவிகிதம். 40,000 ரூபாய் லேப்டாப் முதல் வருட முடிவில் 24,000. அடுத்த வருடம் 14,400. அப்புறம் 8,640. இப்படியே தேய்ந்துகொண்டு போகும். பத்து வருடம் கழித்து சுமார் 242 ரூபாய். இருபது வருடம் கழித்தும் கிட்டத்தட்ட ஒன்றரை ரூபாய் மிச்சமிருக்கும். தேயும், தேயும், தேய்ந்துகொண்டே இருக்கும். ஆனால், பூஜ்யம் ஆகவே ஆகாது!

கல்லூரியில் இந்தக் கணக்கைப் போட்டபோது எனக்கு மார்க் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது யோசித்தால், ஒரே பொருளைப் பற்றி இரண்டு தத்துவங்கள். ஒன்று, மூன்று வருடத்தில் முடிந்தது கதை என்கிறது. இன்னொன்று, எதுவும் முழுசாக முடிவதில்லை என்கிறது.

நீங்கள் எந்தக் கட்சி?

*

இந்தக் கேள்வியை ஒரு வீட்டுச் சண்டையில் வைத்துப் பார்ப்போம். சண்டை நடந்த ஊர், வலங்கைமான்.

கும்பகோணத்திலிருந்து பத்து கிலோமீட்டர் தூரம்தான். திருவாரூர் மாவட்டம். ஒரு பக்கம் வயல், ஒரு பக்கம் வாணவேடிக்கை. டெல்டா கோயில் திருவிழாக்களில் வானத்தில் பூ விரிந்தால், அந்தப் பூ வலங்கைமானில் கட்டியதாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அங்கே கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருக்கிறார் கல்லூரியில் எனக்கு சீனியரான அண்ணன் ஒருவர். அவருடைய மகள் பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த விலையில்லா லேப்டாப்தான் பிரச்னையின் நாயகன்.

அந்தத் திட்டம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2011 செப்டம்பர் 15-ம் தேதி முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்தது. அடுத்த எட்டு, ஒன்பது வருடங்களில் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் கைக்கு லேப்டாப் போயிற்று. நகரத்தில் இருந்தவர்கள் 'ஓட்டுக்காகக் கொடுக்கிறார்கள்' என்று டீக்கடையில் விவாதம் செய்துகொண்டிருந்தபோது, எத்தனையோ வீடுகளில் அதுதான் முதல் கம்ப்யூட்டர். இந்தப் பெண்ணின் வீட்டிலும் அப்படித்தான். அவள் பெயரில் அந்த வீட்டுக்குள் வந்த முதல் பொருளும் அதுதான். ரேஷன் கார்டில் அப்பா பெயர், பத்திரத்தில் தாத்தா பெயர், வண்டி ஆர்.சி. புக்கில் அண்ணன் பெயர். பள்ளிக்கூடத்து ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு அவள் வாங்கி வந்தது, லேப்டாப்.

அதில்தான் பி.காம். படித்தாள். கொரோனா காலத்தில் அதில்தான் ஆன்லைன் கிளாஸ். இப்போது அதில்தான் டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறாள். கூடவே நாலைந்து கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு எழுதிக் கொடுக்கிறாள். லேப்டாப்போ, சுவிட்ச் போட்டுவிட்டுப் போய் காபி போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் விழித்துக்கொள்வதில்லை.

''புதுசா ஒண்ணு மாசத் தவணையில எடுத்துடலாம்னா கேக்க மாட்டேங்குறா தம்பி. இதுக்கே மெமரி போட்டுக்கிறேன்ங்குறா. செத்த மாட்டுக்கு யாராச்சும் லாடம் அடிப்பாங்களா? நீயே சொல்லு'' என்றார் அண்ணன் போனில்.

பின்னாலிருந்து குரல் வந்தது. ''செத்துப்போச்சுன்னு யாரு சொன்னா? சித்தப்பாகிட்ட கேளுங்கப்பா!''

சித்தப்பா என்ன சொல்வான்? முதலில், லேப்டாப்புக்கு என்னதான் நோய் என்று பார்க்கச் சொன்னான்.

*

கொஞ்சம் டெக்னிக்கல் சமாசாரம். பயப்படாதீர்கள், மளிகைக்கடையை வைத்தே சொல்லிவிடலாம்.

கடைக்குப் பின்னால் ஒரு குடோன். முன்னால் ஒரு கல்லா மேஜை. ஹார்ட் டிஸ்க் என்பது குடோன். ரேம் என்கிற மெமரிதான் மேஜை. வாடிக்கையாளர் கேட்கும் சாமான்களை எடுத்து மேஜையில் வைத்துத்தான் பொட்டலம் கட்ட முடியும். மேஜை பெரிதாக இருந்தால் பத்து சாமானையும் ஒரே நேரத்தில் பரப்பிக்கொள்ளலாம். சின்னதாக இருந்தால்? பருப்பை எடுத்து வைக்க, சீனியைத் திரும்ப குடோனுக்குக் கொண்டுபோக வேண்டும். அடுத்த நிமிடமே சீனி தேவைப்படும். இந்த ஓட்டம்தான் உங்கள் லேப்டாப் திணறுவதற்கு ஒரு முக்கியக் காரணம். அது சோம்பேறியாக உட்கார்ந்திருக்கவில்லை. குடோனுக்கும் மேஜைக்கும் நடுவே ஓடி ஓடி நுரை தள்ளிக்கொண்டிருக்கிறது.

இந்த மெமரிக்குத் தமிழில் நினைவகம் என்று அழகாகப் பெயர் வைத்துவிட்டோம். வேடிக்கை என்னவென்றால், கரண்ட் போனால் அத்தனையும் மறந்துவிடுகிற இடம் அதுதான். ராத்திரி கடை அடைக்கும்போது மேஜையைத் துடைத்து வைக்கிற மாதிரி.

சரி, நேற்று வரை போதுமாக இருந்த மேஜை இன்று ஏன் போதவில்லை? மேஜை சுருங்கிவிட்டதா?

இல்லை. இந்த இடத்தில்தான் விஷயம் தத்துவமாக மாறுகிறது.

2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி. ஓடுவதற்குக் குறைந்தபட்சம் 64 எம்.பி. ரேம் போதும் என்றார்கள். 2021-ல் வந்த விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜி.பி. வேண்டும் என்றார்கள். 64 மடங்கு! இருபது வருடத்தில் நாம் எழுதும் கடிதம் 64 மடங்கு நீளமாகிவிட்டதா? நம் கடைக் கணக்கு 64 மடங்கு சிக்கலாகிவிட்டதா? ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த நிக்லாஸ் விர்த் என்ற கம்ப்யூட்டர் மேதை 1995-லேயே இதைப் பற்றி வருத்தப்பட்டு ஒரு கட்டுரை எழுதினார். இயந்திரம் வேகம் எடுப்பதைவிட வேகமாக மென்பொருள் குண்டாகிக்கொண்டே போகிறது என்பது அவர் புகார். பாஸ்கல் என்ற கம்ப்யூட்டர் மொழியை உருவாக்கியவர்; 2024 ஜனவரி முதல் தேதி காலமானார். புகார் அப்படியே இருக்கிறது.

ஆக, அந்தப் பெண்ணின் லேப்டாப் மெதுவாகவில்லை. வாங்கிய நாளில் ஒரு நொடிக்கு எத்தனை கணக்குப் போட்டதோ, கிட்டத்தட்ட அத்தனையைத்தான் இன்றும் போடுகிறது. அதைச் சுற்றியிருந்த உலகம் கனத்துவிட்டது. ஒரு சின்ன வெப்சைட்டைத் திறந்தாலும் கூடவே விளம்பரம், வீடியோ, உங்களை வேவு பார்க்கும் சமாசாரம் என்று ஒரு ஊர்வலமே மேஜையில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.

அப்புறம் நாம் தீர்ப்புச் சொல்கிறோம்: 'லேப்டாப்புக்கு வயசாயிடுச்சு.'

இதையே நாம் மனிதர்களுக்கும் சொல்கிறோம், இல்லையா? ஐம்பத்தைந்து வயதுக் கணக்கரிடம் புது சாஃப்ட்வேரை நீட்டிவிட்டு, சொல்லித்தராமலேயே, 'இவருக்கு வேகம் பத்தலை' என்கிறோம். அவர் வேகம் குறையவில்லை. வேலையின் சுமையை யாரோ மாற்றினார்கள். மாற்றியவரை யாரும் கேள்வி கேட்பதில்லை. திணறுகிறவர்தான் குற்றவாளி.

*

வலங்கைமானுக்குப் போய்விட்டு பாடைக்காவடி பற்றிச் சொல்லாமல் வர முடியுமா?

அங்கே மகாமாரியம்மன் கோயிலில் பங்குனி மாதம் நடக்கும் திருவிழா அது. வேறு எந்தக் காவடியும் இப்படி உங்களை உலுக்காது. தீராத நோயில் விழுந்து, 'பிழைக்க வைத்தால் பாடைக்காவடி எடுக்கிறேன்' என்று வேண்டிக்கொண்டு பிழைத்தவர்கள், அந்த நாளில் ஆற்றில் குளித்துவிட்டு வந்து பாடையில் படுத்துக்கொள்வார்கள். நிஜப் பாடை. பச்சை மூங்கில், ஓலை. பிணத்துக்குச் செய்வது போலவே கட்டி, முன்னால் ஒருவர் தீச்சட்டி பிடிக்க, மேளம் கொட்ட, சொந்தக்காரர்கள் தூக்கிக்கொண்டு வந்து கோயிலைச் சுற்றுவார்கள். கடைசியில் சந்நிதி முன்னால் தீர்த்தம் தெளித்து, விபூதி கொடுத்து எழுப்புவார்கள். செத்தவர் போலப் படுத்திருந்தவர் எழுந்து நடந்து வீட்டுக்குப் போவார்.

உங்களுக்குக் கடவுள் நம்பிக்கை இருக்கிறதா, இல்லையா என்பது வேறு விஷயம். அந்தச் சடங்கின் வரிசையை மட்டும் கவனியுங்கள். முதலில் நோய். பிறகு பிழைப்பதற்கான போராட்டம், வேண்டுதல். பிழைத்த பிறகுதான் பாடை. அந்தப் பாடைகூட, எவ்வளவு தூரம் போய்விட்டுத் திரும்பினோம் என்று ஊரறிய ஒப்புக்கொள்வதற்குத்தான்.

நாம் பொருட்கள் விஷயத்தில் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டோம். முதலில் பாடை கட்டிவிடுகிறோம். நோய் என்ன என்று யாரும் கேட்பதில்லை. மிக்ஸி சத்தம் போடுகிறதா, தூக்கிப் போடு. போன் சூடாகிறதா, மாற்று. எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் இருக்கும்போது வைத்தியம் எதற்கு?

நோய் என்ன என்று பார்ப்பதற்கு லேப்டாப்பில் ஒரு வசதி உண்டு. விண்டோஸ் என்றால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அது ஒரு ஸ்டெதஸ்கோப். நீங்கள் வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்துகொண்டே அதைப் பாருங்கள். மெமரி எப்போதும் 90 சதவிகிதத்துக்கு மேல் நிற்கிறதா? மேஜை போதவில்லை, ரேம் போட்டால் பலன் உண்டு. மெமரி பாதிதான் ஆகியிருக்கிறது, ஆனால் டிஸ்க் மட்டும் 100-ல் முட்டுகிறதா? நோய் குடோனில். அதற்கு ரேம் போடுவது, கால் வலிக்குக் கண்ணாடி மாட்டுகிற கதை. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட வேண்டும். பல பழைய லேப்டாப்களுக்கு ரேமைவிட அதுதான் பெரிய மருந்து.

இன்னும் சில சோதனைகள். உள்ளே ரேம் மாட்டும் இடம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். சில மெல்லிய லேப்டாப்களில் ரேமை போர்டோடு சேர்த்துப் பற்றவைத்து விடுகிறார்கள். அங்கே ஒன்றும் செய்ய முடியாது. உங்களுடையது டி.டி.ஆர். 3-ஆ, 4-ஆ என்று பாருங்கள். ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது. விண்டோஸ் 32 பிட் வகை என்றால், 4 ஜி.பி.க்கு மேல் போட்டாலும் அது பயன்படுத்தாது.

வலங்கைமான் பெண் பார்த்துவிட்டுச் சொன்னாள்: ''ரெண்டுமே முட்டுது சித்தப்பா. மெமரி 93. டிஸ்க் 100. ஆனா, ஒரு ஸ்லாட் காலியா இருக்கு.''

அப்பா விடவில்லை. ''ரேமை மாத்தி, டிஸ்க்கை மாத்தி, போன வருஷம் பேட்டரியும் மாத்தியாச்சு. அப்புறம் பழசுன்னு அதுல என்ன இருக்கு?''

கிரேக்கர்கள் இரண்டாயிரம் வருடமாக இதையே ஒரு கப்பலை வைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தீசியஸ் என்ற வீரனின் கப்பலில் பலகை ஒவ்வொன்றாக இற்றுப்போக, ஒவ்வொன்றாக மாற்றினார்கள். எல்லாப் பலகையும் மாறிய பிறகு, அது அதே கப்பலா, வேறு கப்பலா? அந்தப் பெண்ணுக்கு கிரீஸ் தேவைப்படவில்லை. பக்கத்தில் திருவாரூர் இருக்கிறது.

''ஆழித் தேருக்கு பெல் கம்பெனிக்காரங்க இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் மாட்டினாங்களே, அப்ப அது தியாகராஜர் தேரு இல்லைன்னு ஆயிடுச்சாப்பா? நீங்கதானே வருஷா வருஷம் போய் வடம் புடிக்கிறீங்க!''

உண்மைதான். 1948-க்குப் பிறகு வருடக்கணக்கில் ஓடாமல் நின்ற அந்தத் தேரை 1970-ல் மறுபடி ஓடவைத்தார்கள். திருச்சி பெல் நிறுவனத்தின் சக்கரம் வந்தது, பிரேக் வந்தது. மரம் மாறியது, துணி மாறியது, இழுக்கும் கைகள் தலைமுறை தலைமுறையாக மாறின. தேர் மாறவில்லை. எதற்காக இருக்கிறதோ அந்த வேலையை, அதே வீதியில் செய்கிற வரைக்கும் அது அதுதான்.

*

இதோடு நிறுத்தினால் நன்றாக இருக்கும். பழசைக் காப்பாற்றுவது புண்ணியம், புதுசு வாங்குவது பாவம் என்று முடித்துவிடலாம். ஆனால், அது பாதி உண்மை.

டெல்டாவில் நீங்கள் எந்த ஊருக்குப் போனாலும் மோட்டாருக்கு காயில் கட்டும் கடை ஒன்று இருக்கும். பம்புசெட் மோட்டார் எரிந்துபோனால் அங்கேதான் போகும். நாலு தடவை, ஐந்து தடவை காயில் கட்டிய மோட்டார்கள் உண்டு. சிக்கனம்தான். ஆனால், சரியாகக் கட்டாத ஒவ்வொரு தடவையும் மோட்டாரின் திறன் கொஞ்சம் குறையும். அதே தண்ணீரை இறைக்க அதிகக் கரண்ட் இழுக்கும். விவசாயத்துக்குக் கரண்ட் இலவசம் என்பதால், இழுக்கிற கூடுதல் கரண்ட் விவசாயியின் பையைத் தொடாது. ஆனால், யாரோ ஒருவர் அதைக் கொடுக்கத்தான் செய்கிறார்கள். அரசாங்கத்தின் மானியக் கணக்கில், அதாவது உங்கள் கணக்கில், என் கணக்கில்.

விவசாயியைக் குறை சொல்லவில்லை. அவர் கையில் இருக்கும் காசுக்கு அதுதான் வழி. நான் சொல்ல வருவது இதுதான். ஒரு பழைய பொருளை வைத்துக்கொள்வதற்கும் விலை உண்டு. அந்த விலையைச் சில சமயம் நாம் கொடுப்பதில்லை, வேறு யாரோ கொடுக்கிறார்கள்.

வலங்கைமான் லேப்டாப்பிலும் இப்படி ஒரு விலை ஒளிந்திருந்தது. அதில் ஓடியது விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் வரை நீட்டிப்பு. விண்டோஸ் 11-க்குப் போகலாமா என்றால், அந்த பிராசஸர் மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொள்ளும் பட்டியலில் இல்லை. ரேம் எத்தனை போட்டாலும் பட்டியலில் சேராது.

அவள் மட்டும் பயன்படுத்தினால், 'என் லேப்டாப், என் ரிஸ்க்' என்று சொல்லிவிடலாம். ஆனால், அதில் நாலைந்து கடைக்காரர்களின் ஜி.எஸ்.டி. பாஸ்வேர்ட் இருக்கிறது. பேங்க் விவரம் இருக்கிறது. பூட்டு சரியில்லாத வீட்டில் நம் நகையை வைப்பது நம் இஷ்டம். அடுத்த வீட்டுக்காரர் நம்பிக் கொடுத்த நகையை வைக்கலாமா?

இதே வலங்கைமானில் 1869-ல் ஒருவர் பிறந்தார். வி.எஸ்.சீனிவாச சாஸ்திரி. அவர் பேசும் ஆங்கிலத்தைக் கேட்டு வெள்ளைக்காரர்களே 'வெள்ளி நாக்கு' என்று பட்டம் கொடுத்தார்கள். கோகலே 1915-ல் மறைந்த பிறகு இந்திய ஊழியர் சங்கத்துக்குத் தலைவரானவர். காந்தியின் நண்பர். ஆனால், காந்தியின் ஒத்துழையாமையை ஏற்காதவர். இருக்கிற அமைப்பையே படிப்படியாகச் சீர்திருத்தி, பேசிப் பேசி உரிமைகளைக் கூட்டிக்கொண்டே போகலாம் என்பது அவர் கட்சி. பிரிட்டிஷ் ஆட்சி என்ற இயந்திரத்தை மேம்படுத்த முடியும் என்று நேர்மையாக நம்பினார். அந்த நம்பிக்கையில் சுயநலம் இல்லை, படிப்பும் பண்பும் இருந்தன. ஆனாலும், அந்த இயந்திரத்தின் அடிப்பலகையிலேயே 'நீ எனக்குக் கீழே' என்று எழுதியிருந்தது. அதன் மேல் எதைச் சொருகினாலும் சுதந்திரம் வந்திருக்காது. 1946 ஏப்ரலில் அவர் காலமானார். அடுத்த வருடம் ஆகஸ்டில் அந்த ஆட்சியே கிளம்பிப் போனது.

சாஸ்திரியாரைத் தோற்றவர் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எதையும் உடைப்பதற்கு முன்னால் சரிசெய்ய முயல்கிறவர்கள் ஒரு நாட்டுக்குத் தேவை. கூடவே, எங்கே சரிசெய்ய முடியாது என்று சொல்லத் தெரிந்தவர்களும் தேவை. அலுவலகத்தில், கல்யாணத்தில், கட்சியில், இப்படிப் பல இடங்களில் நாம் செய்யும் தவறு இரண்டு வகை. சரிசெய்யக்கூடியதைத் தூக்கி எறிகிறோம். சரிசெய்யவே முடியாததற்கு, 'இன்னும் கொஞ்சம் மெமரி போட்டுப் பார்ப்போம்' என்று வருடக்கணக்காகச் செலவழிக்கிறோம்.

*

அப்படியானால் புதுசு வாங்கிவிடுவதுதான் சுத்தமான வழியா? அதுவும் இல்லை. அதற்கும் வேறு யாரோ விலை கொடுக்கிறார்கள்.

ஐ.நா. அமைப்புகள் வெளியிட்ட கணக்குப்படி, 2022-ல் மட்டும் உலகம் வீசி எறிந்த மின்னணுக் குப்பை 6 கோடியே 20 லட்சம் டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது அதில் 22.3 சதவிகிதம். மீதியில் ஒரு பகுதி எங்கேயோ ஒரு சந்தில், கையுறை போடாத ஒரு கை, அடுப்பில் வைத்து ஈயத்தை உருக்கிப் பிரித்தெடுப்பதாக முடிகிறது. ஒரு லேப்டாப் தன் வாழ்நாளில் பூமிக்கு வைக்கும் கரிச் சுமையில் பெரும்பகுதி, நீங்கள் அதன் சுவிட்சைப் போடுவதற்கு முன்பே, தொழிற்சாலையிலேயே ஏறிவிடுகிறது. எனவே, இருக்கிற லேப்டாப்பை இரண்டு வருடம் கூடுதலாக ஓட்டுவது சின்ன விஷயம் இல்லை.

இதில் ஒரு புது வேடிக்கையும் சேர்ந்துகொண்டது. 2025-ன் கடைசி மாதங்களில் ரேம் விலை மளமளவென்று ஏறியது. செயற்கை நுண்ணறிவுக்காக உலகமெங்கும் எழும்பும் டேட்டா சென்டர்களுக்கு மெமரி மலை மலையாக வேண்டும். சில்லு தயாரிக்கும் கம்பெனிகள் தங்கள் சரக்கை அந்தப் பெரிய வாடிக்கையாளர்கள் பக்கம் திருப்பின. நம்மைப் போன்றவர்களுக்குச் சில்லறையாக ரேம் விற்றுவந்த 'க்ரூஷியல்' பிராண்ட் வியாபாரத்தையே விட்டு விலகுவதாக மைக்ரான் நிறுவனம் 2025 டிசம்பரில் அறிவித்தது. ஆக, வலங்கைமானில் டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கும் ஒரு பெண், 4 ஜி.பி. மெமரிக்காக உலகத்தின் மிகப் பெரிய கம்பெனிகளோடு ஏலத்தில் நிற்கிறாள். கடை மடைக்குத் தண்ணீர் வராத கதை டெல்டாக்காரர்களுக்குப் புதிதில்லை. தலைமடையில் பெரிய மிராசு மடையைத் திறந்துவிட்டால், கடைசி வயலுக்குச் சொட்டுத்தான்.

அவள் என்ன செய்தாள் என்று கேட்கிறீர்களா?

ரேம் போட்டாள். ஒரு சின்ன எஸ்.எஸ்.டி.யும் போட்டாள். விலை ஏறியிருந்தாலும், இரண்டும் சேர்ந்து புது லேப்டாப்பின் விலையில் சின்னப் பங்குதான். கும்பகோணத்தில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பையன் அரை மணி நேரத்தில் மாட்டிக் கொடுத்தான். விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக்கொண்டாள். காசு கேட்காத, பழைய இயந்திரத்துக்கும் அப்டேட் தரும் மென்பொருள். இப்போது அது அவளுடைய படிப்புக்கான லேப்டாப். வகுப்பு வீடியோ, பழைய கேள்வித்தாள், குறிப்பு எழுதுவது எல்லாம் அதில்.

கடைக்காரர்களின் கணக்கு? அதை அந்த லேப்டாப்பிலிருந்து சுத்தமாகத் துடைத்துவிட்டாள். ''அவங்க கடைக்கே போயி, அவங்க கம்ப்யூட்டர்லயே எழுதிக் குடுத்துட்டு வந்துடறேன் சித்தப்பா. கொஞ்சம் அலைச்சல்தான். காசு சேந்ததும் வேலைக்குன்னு தனியா ஒண்ணு வாங்கிக்கிறேன்.''

அப்பாவும் தோற்கவில்லை, மகளும் தோற்கவில்லை. இன்னொருவர் நம்பிக் கொடுத்ததைத் தாங்க அந்த லேப்டாப்பால் முடியாது என்று ஒப்புக்கொண்டாள். தன் படிப்பைத் தாங்க முடியும் என்பதையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு பொருளை மதிப்பது என்றால், அதனால் எது முடியும், எது முடியாது என்று இரண்டையும் தெரிந்துவைத்திருப்பதுதானே? மனிதர்களை மதிப்பதும் அப்படித்தான்.

உங்கள் வீட்டிலும் பரணிலோ மேஜை இழுப்பறையிலோ ஒரு பழைய லேப்டாப் படுத்திருக்கும். அடுத்த ஆஃபர் விளம்பரம் கண்ணில் படுவதற்கு முன் மூன்றே மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள்.

இதற்கு உண்மையில் என்ன குறை? சோதித்துப் பார்த்துச் சொல்லுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் புதுசு வாங்கிய மறுநாள் வேண்டாம்.

இதன் எல்லை எது? எதைச் சொருகினாலும் தாண்ட முடியாத கோடு எங்கே இருக்கிறது?

வைத்துக்கொண்டாலும், தூக்கிப்போட்டாலும், அதற்கு விலை கொடுக்கப்போவது நானா, வேறு யாராவதா?

மூன்றாவது கேள்விதான் கஷ்டம். முதல் இரண்டுக்கும் ரிப்பேர் கடைப் பையன் பதில் சொல்லிவிடுவான். மூன்றாவதுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு, புதுசு வாங்குவதென்று முடிவானால் தாராளமாக வாங்குங்கள். பழையதை மட்டும் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். உங்களுக்குப் போதாதது இன்னொருவருக்குப் போதும். உங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவின் மகன் எந்த வகுப்பு படிக்கிறான் என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா?

அந்த ஒன்றரை ரூபாய் மதிப்பு கடைசி வரை கணக்கில் நிற்பது சும்மா இல்லை.